இரண்டு அணிகள், ஒரே ஆகஸ்ட்

செங்கை மண்ணின் ஆட்டக்காரர்கள் – 8

1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம். முந்தைய நாளே நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போயிருந்தது. தியான் சந்த் தலைமையில் இறங்கிய இந்திய அணி, சொந்த மண்ணில் ஆடிய ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது. அதே சனிக்கிழமை லண்டன் ஓவல் மைதானத்தில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு எதிராக மூன்றாவது டெஸ்டைத் தொடங்கியது. வால்டர் ஹேமண்ட் 217 ஓட்டங்கள் குவித்த அந்த டெஸ்டில் நாம் தோற்றோம்.

அன்றைக்கு ஹாக்கி, கிரிக்கெட் என இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியிருந்த ஒருவர் அந்த கிரிக்கெட் சுற்றுப்பயணக் குழுவில் இருந்தார். பெர்லினுக்கு அவர் போகவில்லை. ஓவலில் இறங்கிய பதினொருவரிலும் அவர் இல்லை. அவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டு ஜில்லாவின் மொறப்பாக்கம் கிராமத்தில் 1909 ஜூன் 6-ஆம் தேதி பிறந்தவர்.

சென்ற வாரம் மாமல்லபுரத்தில், 2022-இல் பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாட் பற்றிப் பார்த்தோம். 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்து ஆடின. வெண்கலம் வென்ற இரண்டு இந்திய அணிகளுக்கும் தமிழக அரசு தலா ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், இதே மாவட்டத்து ஆட்டக்காரர் ஒருவர் பரிசுத் தொகையும் விளம்பரமும் இல்லாத காலத்தில் எப்படி வாழ்ந்தார் என்றும் பார்க்கவேண்டும். இந்த வாரம் அதனால்தான் கடற்கரையை விட்டு உள்ளூருக்குள் வந்திருக்கிறோம்.

திருவல்லிக்கேணியில் ஒரு வேகப்பந்து

கோபாலன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. அந்தப் பேட்டைக்கும் கிரிக்கெட்டுக்கும் இருந்த உறவைத் தனியாகவே எழுதலாம். சேப்பாக்கம் மைதானம் எட்டும் தூரத்தில்தான். ஆனால் எட்டும் தூரத்தில் இருந்த மைதானத்துக்குள் எல்லோரும் போய்விட முடியாது. அங்கே இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கு உரியது. ஆடப்போன இந்தியர்கள் பெவிலியனில் உட்கார முடியாமல் மரத்தடியில் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த அவமானத்தைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அவருடைய கனவிலிருந்து பிறந்ததுதான் பொங்கலையொட்டி நடந்த பிரசிடென்சி ஆட்டம். இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் மறுபக்கம். 1916 முதல் சென்னை ரசிகர்களுக்குக் கரும்பும் பொங்கலும் எப்படியோ, அந்த ஆட்டமும் அப்படி.

1926-27 பருவத்தில் கோபாலன் முதல்தர கிரிக்கெட்டுக்குள் நுழைந்தார். பதினேழு பதினெட்டு வயது. வலக்கை மிதவேகப்பந்து. பந்தைச் சளைக்காமல் ஸ்விங் செய்பவர். கீழ்வரிசையில் இறங்கி மட்டையும் சுழற்றுவார். இந்தியர் அணிக்கு எதிராக ஐரோப்பியர் அணியில் ஆடிய ஒருவரே கோபாலனின் வாழ்க்கையைத் திசை திருப்பினார். அவர் சி.பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கென்ட் கவுண்டிக்கும் ஆடிய இடக்கை பேட்ஸ்மேன். பர்மா ஷெல் கம்பெனியில் அதிகாரியாகச் சென்னைக்கு வந்தவர். அவர் கண்ணில் கோபாலனின் பந்துவீச்சு பட்டது. பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் இடமும் கிடைக்கச் செய்தார்.

வேலை என்ற அந்த ஒரு சொல்லில் அன்றைய ஆட்டக்காரனின் முழு வாழ்க்கையும் அடங்கும். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. சமஸ்தான மகாராஜாக்கள் சிலர் ஆட்டக்காரர்களைத் தங்கள் அரண்மனைச் சேவகத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். ராணுவம், ரயில்வே, சுங்கத்துறை, எண்ணெய்க் கம்பெனி என்று ஏதாவது ஒரு கூரைக்குக் கீழ் நின்றால்தான் மற்றவர்கள் ஆட முடியும். தியான் சந்தே ராணுவச் சிப்பாய்தான். காசுக்கு ஆட வேண்டுமென்றால் கடல் கடந்து லங்காஷயர் லீக்குக்குப் போகவேண்டும். அமர் சிங் கோல்ன் கிளப்புக்கும் லாலா அமர்நாத் நெல்சன் கிளப்புக்கும் போய் அப்படித்தான் ஆடினார்கள். விளையாட்டே தொழிலாகியிருந்த அமெரிக்காவிலும் நிலைமை ஒன்றும் தேன் ஒழுகவில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர் தன் கிளப் விடுவித்தாலொழிய வேறு கிளப்புக்குப் போக முடியாது. குளிர்காலத்தில் பலர் வேறு வேலை பார்த்தே குடும்பம் நடத்தினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் மாதச் சம்பளம், ஆட்ட நாட்களில் லீவு, பின்னால் நிற்க ஒரு மேலதிகாரி என்று கோபாலனுக்குக் கிடைத்தது பெரிய பேறு. அந்தப் பேற்றை அவர் வீணாக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் பந்து வீசினார்.

ரஞ்சி கோப்பையின் முதல் பந்து

1934 கோபாலனின் ஆண்டு. ஜனவரி 5-ஆம் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் இந்திய மண்ணின் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியது. எதிரணித் தலைவர் டக்ளஸ் ஜார்டின். ஓராண்டுக்கு முன்தான் ஆஸ்திரேலியாவில் உடலைக் குறிவைத்துப் பந்துவீசச் செய்து உலகத்தையே கலக்கியிருந்தவர். நம் தலைவர் சி.கே. நாயுடு. முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, திலாவர் ஹுசைன் ஆகியோரோடு கோபாலனும் அன்று முதல் டெஸ்ட் ஆடினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார், ஒரு விக்கெட் வீழ்த்தினார்.

அடுத்த டெஸ்ட் சென்னையில். சேப்பாக்கத்தின் வரலாற்றிலேயே முதல் டெஸ்ட் அது. பிப்ரவரி 10-ஆம் தேதி தொடங்கியது. திருவல்லிக்கேணிக்காரர்கள் தங்கள் பையனைத் தங்கள் மைதானத்தில் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்கள்! தேர்வாளர்கள் அவரை எடுக்கவில்லை. அந்த டெஸ்டில் அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தும் இந்தியா தோற்றது. கோபாலனுக்கு அதன்பின் டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அதே சேப்பாக்கம் அவருக்கு வேறொரு இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது. பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் வழங்கிய கோப்பைக்காக, மாகாணங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி அன்றுதான் தொடங்கியது. ரஞ்சி கோப்பை என்று நாம் இன்று அறிவது அதைத்தான். முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும். மைசூரின் என். கர்டிஸ் மட்டையோடு நின்றார். பந்தைக் கையில் எடுத்து ஓடிவந்தவர் கோபாலன். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர் கையிலிருந்து போனது.

ஆட்டம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்பது இன்றும் வியப்பூட்டும் செய்தி. மைசூர் முதல் இன்னிங்ஸில் 48, சென்னை 130, மைசூர் மறுபடி 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்ட வித்தியாசத்தில் சென்னைக்கு வெற்றி. ஏ.ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். ராம் சிங் அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்ட சீக்கியர். இடக்கைச் சுழல், இடக்கை மட்டை. ஒரு முனையில் கோபாலனின் வேகம், மறுமுனையில் ராம் சிங்கின் சுழல் என்று சென்னை அணி பல ஆண்டுகள் இந்த இருவர் தோளில்தான் நின்றது. ராம் சிங்குக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அவர் பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்தியாவுக்கு ஆடியதுதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த நியாயம்.

ஹாக்கி மட்டையும் ஒரு கடினமான தேர்வும்

இத்தனைக்கும் நடுவில் கோபாலன் ஹாக்கியையும் விடவில்லை. குளிர்காலத்தில் கிரிக்கெட், மற்ற மாதங்களில் ஹாக்கி என்று இரண்டையும் ஒரே சிரத்தையோடு ஆடினார். 1935-இல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறியபோது அதில் அவரும் இருந்தார். தலைவர் தியான் சந்த். அவர் தம்பி ரூப் சிங்கும் உடன் இருந்தார். அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றி. 500-க்கும் மேற்பட்ட கோல்கள். அடிலெய்டில் டான் பிராட்மன் இந்த அணியைச் சந்தித்தார். உலகில் அன்று எந்த விளையாட்டிலும் அதைப்போல் எதிரியே இல்லாத அணி ஒன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த அணியில் ஆடியவர் நம் ஊர்க்காரர்.

அடுத்த ஆண்டு இரண்டு அழைப்புகளும் ஒன்றாக வந்து நின்றன. ஹாக்கி அணி பெர்லினுக்கு. கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு. காலம் இரண்டுக்கும் ஒன்றே. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் இந்த இடத்தில் நின்று பெருமூச்சு விடுவார்கள். தங்கத்தை நழுவவிட்டார், தப்பாகக் கணக்குப் போட்டார் என்பார்கள். முடிவு தெரிந்த பிறகு சொல்வது எல்லோருக்கும் எளிது. 1936-இன் தொடக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கையில் ஒரே ஒரு டெஸ்ட். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகள் காத்திருந்தன, அவற்றைச் சுற்றிக் கோடை முழுக்கக் கவுண்டி ஆட்டங்கள். மிதவேகத்தில் ஸ்விங் செய்கிறவனுக்கு இங்கிலாந்தின் ஈரக் காற்றும் பச்சைப் புல்லும் எதைத் தரும் என்று எந்தப் பந்துவீச்சாளரையும் கேட்டுப்பாருங்கள். வேலை தந்ததும் சென்னையில் பெயர் தந்ததும் கிரிக்கெட்தான். இருபத்தாறு வயதில் ஒருவர் தன் தொழிலின் தலைவாசலுக்குப் போக ஆசைப்பட்டார். அது குற்றமா?

நடந்தது வேறு. அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். விஜ்ஜி என்பார்கள். பதவி அவருக்கு வந்தது ஆட்டத்தால் அன்று, செல்வாக்கால். அணிக்குள் இரண்டு கட்சிகள். சி.கே. நாயுடுவின் பக்கம் ஒன்று, விஜ்ஜியின் பக்கம் ஒன்று. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஜூன் மாதமே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் டெஸ்டே அப்போது தொடங்கவில்லை. மூன்று டெஸ்டுகளிலும் கோபாலனுக்கு இடமில்லை. ஓவல் டெஸ்டில் புதிதாக அறிமுகமானவர் பாகா ஜிலானி. அவரும் மிதவேகப்பந்து வீச்சாளர். காலைச் சாப்பாட்டு மேசையில் சி.கே. நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாகத்தான் அந்த இடம் தரப்பட்டது என்று கிரிக்கெட் உலகம் இன்றுவரை சொல்லிவருகிறது. அப்படி ஒரு அணியில் கோபாலனைப் போன்ற பந்துவீச்சாளர் கரையேற வழி ஏது?

ஆகவே 1936-இல் தவறு செய்தது கோபாலன் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆட்டத்தை நம்பிப் போனார் அவர். அவரை அழைத்துப்போனவர்கள் ஆட்டத்தை மதிக்கவில்லை. இழப்பு அவருக்கு வந்தது, பொறுப்பு அவர்களுடையது.

அதே பயணத்தில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். கோட்டா ராமசாமி. புச்சிபாபுவின் மகன். 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று எடுத்தார். ஓவலில் அந்த ஆகஸ்ட் 15 டெஸ்டிலும் ஆடினார். ஆக, அந்த அணியில் இரு விளையாட்டுகளில் நாட்டுக்கு ஆடியவர்கள் இருவர். இருவரும் சென்னை ராஜதானியின் பிள்ளைகள். இந்தச் சாதனையை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

இங்கிலாந்துக்குப் பிறகு

இங்கிலாந்திலிருந்து திரும்பியவர் மனம் உடைந்து மூலையில் உட்காரவில்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெயர் போனவர்களின் அணிகளில் இடம் கிடைக்காதவர், தன் ஊர் அணிக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளைக் கொடுத்தார். சென்னைக்குத் தலைமையும் ஏற்றார். உலகப் போர் வந்தது, அயல்நாட்டு அணிகள் வருவது நின்றது. கோபாலனின் வயதில் இருந்த எத்தனையோ பேரின் ஆட்ட வாழ்வை அந்தப் போர் விழுங்கிவிட்டது. ரஞ்சி கோப்பை மட்டும் தொடர்ந்து நடந்தது. அவரும் தொடர்ந்து வீசினார். 1951-52-இல் ஓய்வு பெற்றபோது 78 முதல்தர ஆட்டங்கள், 194 விக்கெட்டுகள், மூவாயிரத்துக்குச் சற்றே குறைவான ஓட்டங்கள். இந்தக் காலத்துக் கணக்கில் 78 சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆண்டுக்கு நான்கைந்து முதல்தர ஆட்டங்கள் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், நாற்பதைத் தாண்டிய வயதுவரை மிதவேகம் வீசிய ஒருவரின் உழைப்பு அது.

சென்னை ரஞ்சி கோப்பையை முதன்முதலில் வென்றது 1954-55-இல், பாலு அழகண்ணன் தலைமையில், இந்தூரில் ஹோல்கர் அணியை வீழ்த்தி. கோபாலன் அந்த அணியில் இல்லை. ஆனால் முதல் பந்திலிருந்து அதுவரை அந்த அணியைத் தூக்கிச் சுமந்தவர்களில் அவர் முதல்வர். பின்னாளில் இந்திய அணியின் தேர்வாளராகவும் பணியாற்றினார்.

கடலுக்கு அப்பால் அவர் பெயர்

கோபாலனின் முதல்தர ஆட்டத்துக்கு வெள்ளிவிழா வந்தபோது சென்னை கிரிக்கெட் சங்கம் நல்ல காரியம் ஒன்று செய்தது. 1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் போட்டி ஒன்றைத் தொடங்கி, அதற்கு கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தது. ஓர் ஆட்டக்காரர் உயிரோடு இருக்கும்போதே, இரு நாட்டு ஆட்டக்காரர்கள் அவர் பெயரிலான கோப்பைக்காக மோதினார்கள்.

இந்தக் கோப்பையின் மதிப்பை இலங்கையின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். அன்று இலங்கை டெஸ்ட் நாடு ஆகியிருக்கவில்லை. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போகும் அணிகள் கப்பல் கொழும்பில் நிற்கும்போது இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போகும். அந்த ஒரு நாளில் ஓர் ஆட்டக்காரன் எதைக் கற்றுக்கொள்வான்? நின்று, மூன்று நாள் ஆடி, தோற்று, மறு ஆண்டு திரும்ப வந்து பழிதீர்க்கும் முழு ஆட்டம் வேண்டும். அதைத் தந்தது சென்னை. அந்த உறவுக்கு வேர் ஏற்கெனவே இருந்தது. 1947-இல் யாழ்ப்பாணத் தமிழர் மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் அடித்ததைச் சென்னையின் பழைய ரசிகர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசினார்கள். கோபாலன் கோப்பை அந்த உறவுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. 1980-களின் தொடக்கம்வரை இலங்கையின் பல தலைமுறை ஆட்டக்காரர்கள் அதில் ஆடித் தேறினார்கள்.

1981-இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 செப்டம்பரில் இந்தியாவோடு தன் முதல் டெஸ்டை ஆட அந்த அணி வந்த இடம் சேப்பாக்கம். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று சதமடித்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. தன் பெயரிலான கோப்பையில் முப்பது ஆண்டுகள் பயின்ற ஒரு நாடு, தன் சொந்த மைதானத்திலேயே இந்தியாவுக்குச் சமமாக நின்றதைக் காணும் வயதுவரை கோபாலன் வாழ்ந்தார். எத்தனை தங்கப் பதக்கக்காரர்களுக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கும்?

2003 டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது 94. உலகில் அப்போது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மூத்தவர் அவரே. சேப்பாக்கத்தின் நுழைவாயில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சென்னை தன் கடமையை ஓரளவு செய்துவிட்டது.

செங்கல்பட்டு? 2019-இல் இது மீண்டும் தனி மாவட்டமானது. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. உலகத்தையே வரவேற்கத் தெரிந்த மாவட்டம் இது. தன் பிள்ளையையும் அது பெயர் சொல்லிக் கொண்டாடவேண்டும். பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். மாவட்டப் பள்ளிகளுக்கு இடையே ஆண்டுக்கொரு முறை கோபாலன் பெயரில் ஹாக்கியும் கிரிக்கெட்டும் சேர்ந்த ஒரு போட்டி வைக்கலாம். இரண்டையும் ஒரே மாணவர்கள் ஆடலாம் என்று விதி வைக்கலாம். ஒரே விளையாட்டில் ஏழு வயதிலேயே பிள்ளையை அடைத்துவைக்கும் இந்தக் காலத்தில், இரண்டு மட்டைகளையும் பிடித்து இரண்டிலும் நாடு போற்ற ஆடிய ஒருவர் இந்த மண்ணில் பிறந்தார் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கோபாலனைத் தங்கத்தைத் தவறவிட்டவர் என்று இனியும் யாரேனும் சொன்னால், அவரிடம் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை எடுத்துச் சொல்லுங்கள். கோபாலன் கோப்பையில் வளர்ந்த இலங்கையை எடுத்துச் சொல்லுங்கள். ஒரு கோடைகாலத்தில் கிடைக்காத பதக்கத்தை வைத்து அல்ல, இருபத்தைந்து ஆண்டுகள் செய்த வேலையை வைத்தே ஒரு மனிதரை எடைபோட வேண்டும்.

அடுத்த வாரம்: கட்டுமரம் செலுத்திய குடும்பங்களிலிருந்து அலைச்சறுக்குப் பலகையில் ஏறிய கோவளத்து இளைஞர்கள்.

(தொடரும்)